"அண்ணே, கிளம்ப மாட்டேங்குது": பெங்களூரில் செய்திக்கு ட்ரோன் விடுபவர்களுக்கு, கோளாறு வாரியாக

காலை ஆறே முக்காலுக்கு போன் அடித்தால் அது பெரும்பாலும் ஏதோ ஒரு ஸ்ட்ரிங்கர் (செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் நிருபர்) தம்பிதான். "அண்ணே, ஸ்பாட்ல நிக்கிறேன், கிளம்ப மாட்டேங்குது." எனக்கு அல்சூரில் வீடு, தமிழ் சேனல்களுக்கும் இணைய இதழ்களுக்கும் வீடியோ எடுத்துக் கொடுப்பது பிழைப்பு, ஆறு வருடமாகப் பையில் ட்ரோன். இந்த ஊரில் இதையெல்லாம் தமிழில் கேட்க ஆள் குறைவு என்பதால் என்னைக் கூப்பிடுகிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததை இங்கே எழுதிவைக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். மெனுவின் பெயர்கள் மாடலுக்கு மாடல் மாறும், காரணங்கள் மாறாது.

எனக்கு வந்த அழைப்புகளில் இயந்திரம் நிஜமாகவே பழுதானது பத்தில் ஒன்றுகூட இருக்காது. மற்றதெல்லாம் நிற்கும் இடமும் கிளம்பும் அவசரமும்தான்.

மோட்டாரே சுற்றவில்லை

ஆப் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். தடை செய்யப்பட்ட பகுதி என்று வந்தால் அது கோளாறே இல்லை, ட்ரோன் உங்களைக் காப்பாற்றுகிறது.

பெங்களூரின் தலையெழுத்து அப்படி. தேவனஹள்ளியில் பெரிய விமான நிலையம், எலஹங்காவில் விமானப்படைத் தளம், ஜக்கூரில் பயிற்சி ஓடுதளம், இது போதாதென்று ஊருக்குள்ளேயே விமானம் கட்டும் அரசு நிறுவனமான ஹெச்.ஏ.எல்.லின் ஓடுபாதை. நான்கையும் சுற்றி வட்டம் போட்டுப் பாருங்கள், வடக்கிலும் கிழக்கிலும் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தன. பச்சையில் 400 அடி வரை யாரையும் கேட்க வேண்டாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை உள்ள வளையத்தில் அந்த உயரம் 200 அடியாகக் குறைகிறது. 5 முதல் 8 கி.மீ. வரை தரையிலிருந்தே மஞ்சள், விமானக் கட்டுப்பாட்டு மையத்தின் அனுமதி வேண்டும். அதற்கும் உள்ளே போனால் சிவப்பு, மத்திய அரசிடம்தான் கேட்க வேண்டும். ஹெச்.ஏ.எல். ஒரு பக்கம், அல்சூர் ஏரிக்கரையிலேயே ராணுவத்தின் எம்.இ.ஜி. முகாம் இன்னொரு பக்கம் என்று என் வீடு மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் சொந்த மொட்டை மாடியிலிருந்து நான் ஒருநாளும் பறக்கவிட்டதில்லை. பேட்டரி சோதிக்கக்கூட கெங்கேரிப் பக்கம் போகிறேன்.

இங்கே பலர் இடறுவது ஒரே இடத்தில்தான். தயாரிப்பாளரின் ஆப் காட்டும் வரைபடம் வேறு, டிஜிட்டல் ஸ்கை என்ற இணையதளத்தில் அரசு வைத்திருக்கும் வரைபடம் வேறு. ஆப் வழிவிட்டது என்பதற்காக அனுமதி கிடைத்துவிட்டதாக அர்த்தம் இல்லை. அரசு வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. நேற்று பச்சையாக இருந்த இடம் இன்றும் அப்படியே இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி ஒரு இடத்தை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கலாம். பிரதமர் வருகை, பெரிய போராட்டம், எலஹங்காவில் விமானக் கண்காட்சி என்றால் பறப்பதற்கு முன் ஒரு தடவை வரைபடம், ஒரு தடவை போலீஸ் அறிவிப்பு.

2022 செப்டம்பர் வெள்ளத்தில் யமலூரில் இதுதான் நடந்தது. டிராக்டரில் ஐ.டி. ஊழியர்கள் போகிறார்கள், சொகுசு வில்லாக்களுக்குள் படகு ஓடுகிறது. மேலிருந்து எடுக்க அதைவிட நல்ல காட்சி கிடைக்குமா? ஆனால் யமலூருக்கும் ஹெச்.ஏ.எல். ஓடுபாதைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சேனலின் செய்தி டெஸ்க்கில் இருந்து மூன்று தடவை போன். நான் ஒரு அடுக்ககத்தின் செக்யூரிட்டி அண்ணனிடம் கெஞ்சி ஆறாவது மாடிக்கு ஏறி சாதாரண கேமராவில் எடுத்து அனுப்பினேன். ஒளிபரப்பில் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

இடம் சரி, ஆனாலும் சுற்றவில்லை என்றால் வரிசையாகப் பாருங்கள்: கிம்பல் (கேமராவை ஆடாமல் தாங்கும் பகுதி) மூடியைக் கழற்றினீர்களா, கைகள் நான்கும் 'டக்' என்று விரிந்தனவா, பேட்டரியின் கொக்கி இரண்டு பக்கமும் மாட்டியதா, ஃபர்ம்வேர் (ட்ரோனுக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் கேட்கிறதா. அப்டேட்டை ஸ்பாட்டில் தொடாதீர்கள். அது முந்தின நாள் ராத்திரி வீட்டு வைஃபையில் செய்யும் வேலை.

'காம்பஸைச் சரிசெய்' என்று விடாமல் கேட்கிறது

மொட்டை மாடியில் நிற்கிறீர்கள், இல்லையா? காங்கிரீட்டுக்குள் கம்பி வலை ஓடுகிறது. ட்ரோனை அதன்மேல் வைத்ததும் காம்பஸ் குழம்பிவிடுகிறது. சோதிப்பது சுலபம். ட்ரோனைக் கையில் எடுத்து இடுப்புயரத்துக்குத் தூக்குங்கள். எச்சரிக்கை மறைந்தால் குற்றவாளி தரைதான்.

அந்த இடத்திலேயே நின்று கேலிபரேட் செய்துவிடாதீர்கள். கம்பிக்கு ஏற்றபடி காம்பஸ் கெட்டதைக் கற்றுக்கொள்ளும், மேலே போய்க் கம்பி இல்லாத இடத்தில் திண்டாடும். நான் பையில் ஒரு மடக்கு முக்காலி வைத்திருக்கிறேன், முழுக்க பிளாஸ்டிக். அதன்மேல் வைத்தால் பெரும்பாலும் பிரச்சினை தீரும். முக்காலி இல்லாவிட்டால் சின்டெக்ஸ் தொட்டியின் இரும்புத் தாங்கி, நிறுத்தி வைத்த பைக், பாதாளச் சாக்கடை மூடி, மெட்ரோ தூண் எதுவும் பக்கத்தில் இல்லாத வெறும் மண்தரைக்குப் பத்து இருபது அடி நடந்து போங்கள். கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள்.

இதைக் கண்டுகொள்ளாமல் ஏற்றிவிட்டால் மேலே ட்ரோன் செக்குமாடு போல வட்டமடிக்கும், வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். அப்படி ஆனால் ரிமோட்டின் ஸ்டிக்கோடு சண்டை போடாமல், கட்டடத்தை விட்டு மெதுவாக விலக்கி, திறந்த வெளியில் கையால் ஓட்டி இறக்குங்கள். 'வீட்டுக்கு வா' பொத்தானை அழுத்தாதீர்கள். திசையே தெரியாத ட்ரோனுக்கு வீடு எங்கே தெரியும்?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் எண்ணிக்கை ஏறவில்லை

சிவாஜிநகர் மாதிரி குறுகலான சந்தில் வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும், அது போதாது. திறந்த இடத்துக்கு வாருங்கள். ஒரு மாதமாகப் பையிலேயே கிடந்த ட்ரோன் என்றால் நான்கைந்து நிமிடம் கூடுதலாகப் பொறுக்கவும். ஹோம் பாயின்ட் (திரும்பி வந்து இறங்க வேண்டிய இடம்) பதிவானது என்ற குரல் கேட்கும்வரை ஏற்ற வேண்டாம். அதைக் கேட்காமல் ஏற்றினால் திரும்பி வரும்போது அடுத்த தெரு மீன்கடைக் கூரையில் இறங்கும்.

படம் உறைகிறது, சிக்னல் விட்டுவிட்டு வருகிறது

ரிமோட்டில் மாட்டியிருக்கும் அதே போனில் ஹாட்ஸ்பாட் போட்டிருக்கிறீர்களா? டெஸ்க்குக்கு உடனே அனுப்ப வேண்டும் என்று போட்டு வைப்போம். அதை அணையுங்கள். பாதிக் கோளாறு அங்கேயே போய்விடும். ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி அடுக்ககங்களில் வீட்டுக்கு ஒன்றிரண்டு வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை காய்கறிச் சந்தை மாதிரி இரைச்சலாக இருக்கும். தானியங்கியை எடுத்துவிட்டு 5.8க்கு மாற்றிப் பாருங்கள். 5.8 சுவரைத் துளைக்காது, ஆனால் நேர்ப்பார்வையில் சுத்தமாக வரும். ஆன்டெனாவின் நுனியை ட்ரோனை நோக்கிக் குத்தாதீர்கள், அதன் தட்டையான முகம்தான் ட்ரோனைப் பார்க்க வேண்டும். உங்கள் முதுகு ட்ரோன் பக்கம் இருந்தால் உடம்பே சிக்னலை மறைக்கும். இது சிரிப்பாக இருக்கும், ஆனால் பைட் (பேட்டி) எடுத்துக்கொண்டே பறக்கவிடும்போது எல்லோரும் செய்வதுதான்.

சிக்னல் போனால் ட்ரோன் தானே திரும்பும், முன்கூட்டிப் போட்டு வைத்த உயரத்தில். அந்த உயரம் பக்கத்துக் கட்டடத்தைவிடக் குறைவாக இருந்தால் அது நேராகச் சுவரில் போய் முட்டும். ஹுஸ்கூர் மத்தூரம்மா ஜாத்திரை போயிருக்கிறீர்களா? கிராமத்துக்கு ஒரு தேர், 100 அடிக்கு மேல் உயரம், டிராக்டரும் மாடும் இழுத்துக்கொண்டு வயல் வழியாக வரும். ஹெச்.ஏ.எல்.லிலிருந்து சுமார் 10 கி.மீ. என்பதால் 200 அடி வரைதான் சும்மா பறக்கலாம். தேர் 100க்கு மேல், சட்டம் விடும் வரம்பு 200. நடுவில் கிடைக்கும் இடத்தில்தான் திரும்பும் உயரத்தை வைக்க வேண்டும். நான் 50 மீட்டர் வைத்தேன். ஒரு தம்பி ஆலையிலிருந்து வந்தபடியே 30 மீட்டரில் வைத்திருந்தார். தேரின் உச்சிக்கு முன்னால் ட்ரோன் நின்ற நேரத்தில் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. முன்பக்க சென்சார் வேலை செய்ததால் தப்பித்தார். அந்தத் தேர்கள் ஆடும், சாய்ந்து விழுந்ததும் உண்டு. கீழே ஜனக்கடல். அங்கே தேருக்கு நேர் மேலே பறக்காதீர்கள், பக்கவாட்டில் விலகி நின்று எடுங்கள்.

உயரத்தில் இன்னொரு பொறி. திரையில் காட்டும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்துதான். ஒன்பது மாடிக் கட்டடத்தின் கூரையிலிருந்து கிளம்பினால் சுமார் 27 மீட்டர் ஏற்கெனவே கணக்கில் வராமல் போய்விடும். திரை 100 என்கிறது, தரையிலிருந்து 127. சட்டத்தின் 400 அடி என்பது 120 மீட்டர், தரையிலிருந்து.

பருந்து துரத்துகிறது

இதற்குத்தான் அதிகமாகப் போன் வருகிறது, எழுத எனக்குப் பிடித்ததும் இதுதான்.

பெங்களூர் வானம் பருந்துகளுடையது. கறிக்கடைக் கழிவு, ஏரிக்கரையில் கோழித்துண்டு வீசும் புண்ணியவான்கள், உயரமான மரங்கள், செல்போன் கோபுரங்கள். வேறென்ன வேண்டும்? குளிர்காலம் முடிகிற மாதங்களில் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும்போது கோபம் இரட்டிப்பாக இருக்கும். அதன் எல்லைக்குள் 'ங்ங்ங்' என்று ஒன்று வந்து அசையாமல் நின்றால் சும்மா விடுமா?

ஆனேக்கல் பக்கம் ஒரு ஏரியில் ஆக்கிரமிப்புச் செய்திக்காகக் காலை பத்தரை மணிக்கு ஏற்றினேன். திரையில் ஏரியின் ஓரம் அழகாக விரிந்தது. மூலையில் ஒரு நிழல் போனது. இரண்டாவது தடவை போனபோதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு பருந்துகள். ஒன்று ட்ரோனுக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டிருந்தது, இன்னொன்று சிறகை ஒடுக்கிக்கொண்டிருந்தது. சிறகை ஒடுக்கினால் அடுத்த நொடி பாய்ச்சல்தான். என் கை தானாக ஸ்டிக்கைக் கீழே இழுக்கப் போனது. அதுதான் செய்யக் கூடாதது. பருந்து மேலிருந்து கீழே பாயப் பிறந்தது, கீழே ஓடும் எதையும் அது பிடித்துவிடும். நேர்செங்குத்தாக மேலே ஏறுவதில் மட்டும் ட்ரோன் அதை ஜெயிக்கும். அனுமதித்த உயரத்துக்குள் முழு வேகத்தில் மேலே, பின் அதன் வட்டத்தை விட்டு வெளியே, மரங்கள் இல்லாத பக்கம் வந்து இறக்கு. அன்றைக்கு அப்படித்தான் தப்பித்தேன். புரொப்பெல்லர் நுனியில் ஒரு சின்னச் சிறகுத் துணுக்கு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் மகிழ்ச்சியை விட வெட்கம்தான் வந்தது. பறவை நன்றாகத்தான் பறந்து போயிற்று, ஆனால் போயிருக்காமலும் இருந்திருக்கலாம்.

வராமல் தடுப்பது இன்னும் சுலபம். பருந்து வெயில் ஏறித் தரை சூடாகி எழும் காற்றில் மிதக்கும். அதனால் பத்து மணியிலிருந்து நான்கு மணிவரை அதன் ராஜ்யம். ஆறரை மணிக்குப் போனால் அது கிளையில் உட்கார்ந்து இறக்கை கோதிக்கொண்டிருக்கும். வெளிச்சமும் அப்போதுதான் நன்றாக இருக்கும், டெஸ்க்குக்கும் நேரத்தோடு போகும். ஏற்றுவதற்கு முன் இரண்டு நிமிடம் வானத்தைச் சும்மா பாருங்கள். மூன்றுக்கு மேல் வட்டமடித்தால் டீ குடிக்கப் போய்விடுவது உத்தமம்.

ஏரி மேல் தானாகவே கீழே இறங்குகிறது

அடிப்பக்க சென்சார் தண்ணீரைத் தரையென்று நம்பியும் நம்பாமலும் தடுமாறுகிறது. அலையும் பளபளப்பும் அதற்குப் புரியாது, ஆகாயத்தாமரை மூடிய ஏரி என்றால் இன்னும் குழப்பம். தண்ணீரிலிருந்து ஐந்தாறு மீட்டருக்குக் கீழே போகாதீர்கள். நுரை எடுக்க வேண்டுமென்று பெல்லந்தூருக்கு ஓடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015, 2017, 2018 ஆண்டுகளில் தீப்பிடித்து உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய ஏரிதான், ஆனால் அதுவும் ஹெச்.ஏ.எல். ஓடுபாதைக்குத் தெற்கே ஒட்டியே இருக்கிறது. கரையில் நின்று எடுங்கள்.

பேட்டரி 40இலிருந்து திடீரென 12க்கு விழுகிறது

ஒரு செல் பலவீனமாகிவிட்டது. ஆப்பில் செல் வாரியாக மின்னழுத்தம் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட 0.1 வோல்ட்டுக்கு மேல் தாழ்ந்து நின்றால் அந்தப் பேட்டரியைச் செய்திக்கு எடுத்துப் போகாதீர்கள். வாரக்கணக்கில் முழு சார்ஜில் வைத்திருப்பதும், வெயிலில் காருக்குள் விட்டுவிட்டு பைட் எடுக்கப் போவதும்தான் பேட்டரியைக் கொல்கின்றன. வீங்கியிருந்தால் பேச்சே இல்லை. குத்தாமல், அழுத்தாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

சென்னையில் 25 நிமிடம் பறந்தது இங்கே 23தான் பறக்கிறது என்றால் அது கோளாறில்லை. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று கொஞ்சம் மெலிசு, மோட்டார் கொஞ்சம் அதிகம் உழைக்க வேண்டும். ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று வேறு. கிழக்கே போகும்போது சுகமாக இருக்கும், திரும்பும்போது அழவைக்கும். நான் 35 சதவீதத்தில் திருப்பிவிடுவேன்.

படம் அல்வா மாதிரி ஆடுகிறது, அல்லது பட்டை பட்டையாக ஓடுகிறது

இரண்டும் வேறு வேறு.

தட்டில் வைத்த அல்வாவை ஆட்டியது போலக் காட்சி முழுக்க நெளிந்தால் அது அதிர்வு. புரொப்பெல்லரின் ஓரத்தில் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பல்லும் நகத்துக்குத் தட்டும். தட்டினால் அந்த மோட்டாருக்கான புரொப்பெல்லர்களை ஜோடியாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் எடை சமமாகாது. வெயில் கொளுத்தும்போது ஷட்டர் 1/2000க்குப் போய்விடுவதும் இதை மோசமாக்கும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டு 1/50க்குக் கொண்டு வாருங்கள்.

அந்தி நேரத்தில் கடைவீதி எடுக்கும்போது மேலும் கீழும் கருப்புப் பட்டை ஓடினால் அது விளக்குகள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. ட்ரோன் பெட்டியிலிருந்து வந்தபடியே 30 ஃப்ரேமில், 1/60இல் இருக்கும். 25 ஃப்ரேமுக்கு மாற்றி, ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்தால் பட்டை போய்விடும்.

டெஸ்க்கில் இருந்து போன்: "ஃபைல் ஓப்பன் ஆகல"

ரெக்கார்டிங்கை நிறுத்தாமல் பேட்டரியைப் பிடுங்கினீர்கள். ஒப்புக்கொள்ளுங்கள், நானும் செய்திருக்கிறேன். வீடியோ ஃபைலின் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். அது இல்லாமல் உள்ளே எல்லாம் இருந்தும் எதுவும் ஓடாது. கார்டை எடுத்துக் கணினியில் போட்டு எதையாவது செய்வதற்கு முன்னால், அதே கார்டை அதே ட்ரோனில் போட்டு, பேட்டரி மாட்டி, இரண்டு நிமிடம் சும்மா விடுங்கள். பல மாடல்கள் அரைகுறை ஃபைலைத் தாமே சரிசெய்யும். சரியாகவில்லை என்றால் அதே ட்ரோனில் அதே அமைப்பில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் காட்டி மீட்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அதுவரை அந்தக் கார்டில் புதிதாக ஒரு நொடிகூட எடுக்கக் கூடாது.

ஃபைல் திறக்கிறது, ஆனால் திக்கித் திக்கி ஓடுகிறது என்றால் அது ஹெச்.265, வீடியோவைச் சுருக்கும் புது முறை. டெஸ்க்கின் பழைய கணினிக்கு அது செரிக்காது. ட்ரோனிலேயே ஹெச்.264க்கு மாற்றிவிடுங்கள். செய்திக்கு 4கே-யும் தேவையில்லை, 1080இல் எடுத்தால் இருக்கும் மொபைல் டேட்டாவில் போய்ச் சேரும்.

"ஃபுட்டேஜ் என்ன சார், துவைச்ச வேட்டி மாதிரி வெளுத்துக் கெடக்கு?" என்று ஒரு எடிட்டர் கேட்டார். நிறத்தை வெளிறலாகப் பதிவு செய்யும் லாக் புரொஃபைலில் எடுத்துவிட்டேன். நிறம் சேர்க்க நேரம் இருப்பவர்களுக்கு அது வரம், எட்டு மணி புல்லட்டினுக்கு அது தொல்லை. சாதாரண புரொஃபைல் போதும்.

அப்புறம், "சத்தமே இல்லை" என்றும் கேட்பார்கள். பெரும்பாலான ட்ரோன் கேமராக்களுக்கு மைக்கே கிடையாது, இருந்தாலும் விசிறிச் சத்தம்தான் வரும். கீழே போனில் இரண்டு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தைப் பதிவு செய்து கூடவே அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் எடிட்டர் எங்கிருந்தோ ஒரு சைரனையும் கூச்சலையும் எடுத்து ஒட்டுவார், அமைதியாக நடந்த ஊர்வலம் கலவரம் மாதிரி ஒளிபரப்பாகும். அப்புறம் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

படத்தில் லட்சம் பேர், எண்ணினால் பத்தாயிரம்

இதைக் கோளாறென்று யாரும் போன் செய்வதில்லை. ஆனால் எனக்கு இதுதான் பெரிய கோளாறு. தாழ்வாக, சாய்வாக, அகல லென்ஸில் எடுத்தால் தலைகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி வரும், நடுவில் இருக்கும் வெற்றிடம் மறையும். கட்சிக்காரர்கள் உங்களை மேடைக்குப் பின்னால் நிறுத்துவது அதற்காகத்தான். கேமராவை நேர்கீழே திருப்பி, கூட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை முழுதும் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். பிறகு இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். 1960களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற இதழியல் பேராசிரியர் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: தளர்வான கூட்டத்தில் ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் நாலரை, மூச்சு முட்டும் கூட்டத்தில் இரண்டரை. 50,000 சதுர அடி மைதானம் நெருக்கமாக நிறைந்தால்கூடப் பதினோராயிரம் பேர்தான். 'லட்சக்கணக்கில்' என்று எழுதும் முன் அந்த வகுத்தலைப் போடுங்கள்.

கீழே இருந்து கத்துகிறார்கள்

இறக்குங்கள். முதலில் இறக்கிவிட்டு அப்புறம் பேசுங்கள். கையில் ரிமோட்டும் கண்ணில் திரையுமாக நின்று பேசினால் அவர்களுக்குத் திமிராகத் தெரியும்.

அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற அக்காவுக்கு மேலே நிற்பது செய்தியா வேவா என்று எப்படித் தெரியும்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்ன வழக்கைத் தொடுத்த புட்டசாமி இந்த ஊர்க்காரர், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. தனிமையில் இருக்கும் பெண்ணை அவருக்குத் தெரியாமல் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம். 'தற்செயலாக விழுந்தது' என்று பிறகு விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். வீடுகளுக்கு மேலே நிற்காமல் கடந்து போங்கள், கேமராவை அடிவானத்துக்குத் தூக்கி வையுங்கள்.

சாவு வீடு, விபத்து இடம் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். 2021 ஏப்ரலில் டில்லியில் சிதைகள் வரிசையாக எரிவதை ராய்ட்டர்ஸின் டேனிஷ் சித்திகி ட்ரோனில் எடுத்தார். அரசு எண்ணிக்கைகள் சொல்லாததை அந்தப் படம் சொன்னது. அந்தக் கொரோனா படங்களுக்கு அவர் உள்ளிட்ட குழுவுக்கு 2022இல் புலிட்சர் கிடைத்தது. அந்தத் துக்கத்தைக் காட்சியாக்கலாமா என்ற சண்டையும் அன்றைக்கு நடந்தது. என் கட்சி அவர் பக்கம். காரணம், அந்த உயரத்தில் எந்த முகமும் தெரியவில்லை, தீயும் எண்ணிக்கையும்தான் தெரிந்தன. அதே இடத்தில் பத்து மீட்டருக்கு இறங்கி அழுகிற ஒருவரின் முகத்துக்குப் போயிருந்தால் நான் கட்சி மாறியிருப்பேன்.

தமிழ் சேனல் மைக்கோடு நிற்பவர்களுக்கு இன்னொன்று. 2023 செப்டம்பர் காவிரி பந்த் அன்று அத்திப்பள்ளி எல்லையில் லாரிகள் வரிசையாக நின்றதை எடுக்க ஏற்றினேன். நாலைந்து பேர் சூழ்ந்து "யாவ சானல்?" என்றார்கள். மறைக்காமல் சொன்னேன், கன்னடத்திலேயே சொன்னேன். என்ன எடுக்கிறேன் என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். ஒருவர் தன் லாரி எங்கே நிற்கிறது என்று திரையில் தேட ஆரம்பித்தார், சூடு தணிந்துவிட்டது. இங்கே பிழைக்க வந்தவனுக்கு நாலு வாக்கியம் கன்னடம் ஃபர்ம்வேர் மாதிரி, முந்தின நாளே ஏற்றிக்கொள்ள வேண்டும்.

போலீஸ்காரர் "லைசென்ஸ்?" என்கிறார்

250 கிராம் வரை நேனோ, அதற்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம், மூன்றாம் தரப்புக் காப்பீடும் வேண்டாம். ஆனால் பதிவு எண் வேண்டும். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. அதைப் பொழுதுபோக்காக விட்டால் சான்றிதழ் தேவையில்லை. சேனலுக்குக் காசுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் பொழுதுபோக்கு என்று சொல்ல முடியாது. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து வாங்கிவிடுங்கள், பத்து வருடம் செல்லும். விதி மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை.

'என்னுடையது 249 கிராம்' என்று நெஞ்சை நிமிர்த்துபவர்கள் ஒரு தடவை எடை போடவும். தெருமுனை மளிகைக்கடைத் தராசில் என்னுடையதை வைத்தேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "தம்பி, 263 காட்டுது, பருப்பு போடவா?" என்றார். என்டி ஃபில்டர், ஒட்டிவைத்த சின்ன மினுக்கு விளக்கு, கால் நீட்டிப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு. சட்டத்தின் கண்ணில் அது நேனோ இல்லை. அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றினேன்.

ஊரில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவில் (பழைய 144) உத்தரவு போட்டு ட்ரோனுக்குத் தடை இருந்தால் எந்தச் சான்றிதழும் உதவாது. பிரஸ் கார்டு அறவே உதவாது.

விழுந்துவிட்டது

உடனே மோட்டாரை நிறுத்துங்கள், கிளையில் சிக்கி மோட்டார் எரிவது விழுந்ததைவிடப் பெரிய செலவு. ஆப்பில் காட்டும் கடைசி இடத்தை ஸ்கிரீன்ஷாட் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த பேட்டரி பார்க்க நன்றாக இருந்தாலும் சார்ஜ் போட வேண்டாம். ஆளுக்கோ பொருளுக்கோ சேதம் என்றால் 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கையில் தெரிவிக்க வேண்டும். ஒளித்து வைத்தால் பதிவு எண் உங்களைக் காட்டிக்கொடுக்கும். 2022 பிப்ரவரியிலிருந்து முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை, உதிரிபாகங்களுக்கு இல்லை. எனவே எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடில் கைகளும் கிம்பல் ஒயரும் தேடினால் கிடைக்கும், விலைதான் ஆளைப் பார்த்து.

என்னுடையது ஒரே ஒரு தடவை விழுந்தது, கெங்கேரியில் ஒரு வீட்டு மாடியில். கதவைத் தட்டினேன். தமிழ்க் குரல் கேட்டதும் அந்த அம்மா முகம் மாறியது. கிருஷ்ணகிரிப் பக்கமாம். மாடிக்கு அழைத்துப்போனார். விரித்துவைத்த வடகத்துக்கு நடுவில் அது கவிழ்ந்து கிடந்தது, ஒரு புரொப்பெல்லர் மட்டும் உடைந்து. நான்கு வடகமும் உடைந்திருந்தன. "பறவை விரட்டற மெஷினாப்பா இது?" என்று கேட்டார். இல்லம்மா, நியூஸுக்கு என்றேன். "அப்ப நாளைக்கும் வந்து விடு, காக்கா தொல்லை தாங்கல."